யாரைக் கேட்டு ஒன்று சேர்வது?

(பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமைப்பாளர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு 'பிரிந்த நாடுகளின் இணைப்பும் வல்லரசுப் போர் அபாயமும்'. தலைப்பைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்த ஊர் பெர்லின் இல்லை, சியோலும் இல்லை. நம் சென்னைத் துறைமுகம்தான்.

1954 பிப்ரவரியில் கொரியாவிலிருந்து ஒரு கப்பல் இங்கே வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்களில் 88 பேர் போர்க்கைதிகள். 76 பேர் கொரியர்கள், 12 பேர் சீனர்கள். கொரியப் போர் முடிந்தபோது ஒவ்வொரு கைதியிடமும் வடக்கே போகிறாயா, தெற்கே போகிறாயா என்று கேட்டார்கள். சீனக் கைதிகளுக்கு அந்தக் கேள்வி, செஞ்சீனமா தைவானா என்று வந்தது. ஏறக்குறைய எல்லோரும் ஒரு பக்கத்தைச் சொன்னார்கள். இந்த 88 பேர் மட்டும் இரண்டும் வேண்டாம், மூன்றாவது நாடு எதற்காவது அனுப்புங்கள் என்றார்கள். கைதிகளைக் காவல் காத்து, விருப்பத்தைக் கேட்டறியும் பொறுப்பு இந்தியாவிடம் இருந்தது. அதற்கான நடுநிலை நாடுகள் ஆணையத்துக்கு ஜெனரல் திம்மையா தலைவர். அதனால் அந்த 88 பேரும் நம் ஊர்க் கரைக்கு வந்து, இங்கிருந்து டெல்லிக்குப் போனார்கள். பின்னால் பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் குடிபெயர்ந்தார்கள். சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள்.

தென் கொரிய எழுத்தாளர் சோய் இன்-ஹுன் 1960இல் எழுதிய 'சதுக்கம்' நாவலின் நாயகன் இப்படிப்பட்ட ஒரு கைதிதான். மூன்றாவது நாட்டுக்குப் போகிற கப்பலிலிருந்து அவன் நடுக்கடலில் காணாமல் போகிறான். அந்தக் கப்பலுக்கு நாவலாசிரியர் வைத்த பெயர் 'தாகூர்'. பெயர் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி கதைக்கு வருவோம். 1945 ஆகஸ்ட் 10ஆம் தேதி இரவு. ஜப்பான் சரணடையப் போகிறது. சோவியத் படை கொரியாவுக்குள் நுழைந்துவிட்டது. அமெரிக்கப் படையோ வெகு தொலைவில் இருக்கிறது. வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகளிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்படுகிறது. ஜப்பானியர் யாரிடம் எங்கே சரணடைவது என்று கொரியாவில் ஒரு கோடு போட வேண்டும். கிடைத்த நேரம் அரை மணி. கையில் இருந்தது நேஷனல் ஜியாகிரபிக் வரைபடம். தலைநகர் சியோல் தங்கள் பக்கம் விழுந்தால் போதும் என்று 38ஆவது அட்சக்கோட்டைக் காட்டினார்கள். சோவியத் தலைவர் ஸ்டாலின் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். கொரியர் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை.

மலை, ஆறு, ஊர் எதையும் பார்க்காத கோடு அது. மேற்குக் கரையில் ஒங்ஜின் என்று ஒரு தீபகற்பம் இருக்கிறது. கோட்டின்படி அது தெற்கைச் சேர்ந்தது. ஆனால் அங்கிருந்து தரைவழியாக எங்கே போனாலும் வடக்குக்குத்தான் போக முடியும். தெற்குக்கு வர வேண்டுமானால் படகு வேண்டும். நான் வகுப்பு நடத்திய காலத்தில் மாணவர்களிடம் வரைபடத்தைக் கொடுத்து, இந்தக் கோட்டை நீங்களே அளவுகோல் வைத்துப் போடுங்கள் என்பேன். ஒங்ஜின் வந்ததும் பென்சில் நின்றுவிடும். "சார், இது தப்பா இருக்கே" என்பார்கள். தப்புதான். அந்தத் தப்பான கோட்டின் இரு பக்கமும் 1948இல் இரண்டு நாடுகள் எழுந்தன.

இரண்டும் தன்னைப் பாதி நாடு என்று ஒப்புக்கொள்ளவில்லை. வட கொரியாவின் முதல் அரசியல் சட்டம் தலைநகர் என்று எழுதியது சியோலை. பியாங்யாங் சட்டப்படி தலைநகர் ஆனது 1972இல்தான். தென் கொரிய அரசியல் சட்டத்தின் 3ஆவது பிரிவு இன்றைக்கும் முழுத் தீபகற்பமும் தன் எல்லை என்கிறது. இன்னொன்று கேளுங்கள். வடக்கில் இருக்கும் ஐந்து மாகாணங்களுக்கும் சியோல் அரசு இன்றுவரை ஆளுநர்களை நியமிக்கிறது. அலுவலகம் சியோலில் இருக்கிறது. சம்பளம் உண்டு. ஆளத்தான் ஓர் அடி நிலம் கிடையாது. சிரிக்காதீர்கள். பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்துக்கு வரி கட்டிக்கொண்டு, ஒரு நாள் முழுதும் நமக்கே என்று காத்திருக்கும் பங்காளிகளை நாமும் பார்த்திருக்கிறோம்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நம் பழமொழி. பிரிந்த நாடுகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இதைத்தான் சொல்கிறோம்: பெரியவர்கள் பிரித்துவைத்து வேடிக்கை பார்க்கிறார்கள் என்று. கொரியாவைப் படித்த பிறகு எனக்கு இந்தப் பழமொழியில் பாதி நம்பிக்கை போய்விட்டது. இங்கே கூத்தாடியும் மாட்டிக்கொண்டார்.

தெற்கே அதிபர் சிங்மன் ரீ, 'வடக்கே அணிவகுப்போம்' என்று முழங்கிக்கொண்டிருந்தார். அவர் உண்மையிலேயே புறப்பட்டுவிடுவாரோ என்ற பயத்தில் அமெரிக்கா அவருக்கு டாங்கிகள் தரவில்லை. வடக்கின் தலைவர் கிம் இல்-சுங், தெற்கைப் பிடித்துக்கொள்கிறேன் என்று ஸ்டாலினை நச்சரித்தார். 1949இல் ஸ்டாலின் முடியாது என்றார். 1950இன் தொடக்கத்தில் மனம் மாறினார், அதுவும் சீனாவின் மாவோ சம்மதித்தால் என்ற நிபந்தனையோடு. அமெரிக்கா வராது என்று கணக்குப் போட்டார்கள். 1950 ஜூன் 25 விடியற்காலை வடக்கின் படை கோட்டைத் தாண்டியது. மூன்றே நாளில் சியோல் விழுந்தது. ஐ.நா. கொடியின் கீழ் அமெரிக்கா வந்துவிட்டது. முதல் இணைப்பு முயற்சி தென்கிழக்கு மூலையில், பூசானுக்கு வெளியே நின்றுபோனது.

செப்டம்பர் 15இல் ஐ.நா. படைத் தளபதி ஜெனரல் மெக்கார்தர் இஞ்சியோன் துறைமுகத்தில் படையை இறக்கினார். அது அபாரமான ராணுவ வெற்றி. மாதக் கடைசிக்குள் சியோல் மீட்கப்பட்டது. வந்த வேலை முடிந்துவிட்டது. அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் இப்போது மறுபக்கத்துக்கு ஆசை வந்தது. வடக்கையும் சேர்த்து ஒரே கொரியா ஆக்கிவிட்டால் என்ன?

இந்த இடத்தில்தான் நம் ஆள் ஒருவர் வருகிறார். கே. எம். பணிக்கர், பீஜிங்கில் இந்தியத் தூதர். அக்டோபர் 2 நள்ளிரவு அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, சீனப் பிரதமர் சௌ என்லாய் பார்க்க வேண்டும் என்கிறார் என்றார்கள். போனார். சௌ சொன்ன செய்தி சுருக்கமானது. தென் கொரியர்கள் 38ஆவது கோட்டைத் தாண்டினால் அது வேறு, அமெரிக்கர்கள் தாண்டினால் சீனா தலையிடும். பணிக்கர் உடனே டெல்லிக்குத் தெரிவித்தார். டெல்லி லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் சொன்னது. வாஷிங்டனில் யாரும் நம்பவில்லை. பணிக்கர் சீனாவின் பக்கம் சாய்ந்தவர், சௌ மிரட்டிப் பார்க்கிறார் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

சீனாவின் பயம் என்ன? ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் வந்த பாதை கொரியா. கொரிய எல்லையில் யாலு ஆற்றின் மேல் இருக்கும் சுபுங் அணையிலிருந்துதான் மஞ்சூரிய ஆலைகளுக்கு மின்சாரம் போயிற்று. அந்த ஆற்றங்கரையில் அமெரிக்கப் படை வந்து நிற்பதை, ஆட்சிக்கு வந்து ஒரு வயதே ஆன அரசு எப்படிப் பார்க்கும்? இதைப் புரிந்துகொள்ள கம்யூனிஸ்ட்டாக இருக்க வேண்டியதில்லை. வாசலுக்கு எதிரே யார் குடிவருகிறார்கள் என்று பார்க்காத வீட்டுக்காரர் உண்டா?

அக்டோபர் 7இல் ஐ.நா. பொதுச்சபை, ஒன்றுபட்ட கொரியா வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அமெரிக்கப் படை கோட்டைத் தாண்டியது. 15ஆம் தேதி வேக் தீவில் அதிபர் ட்ரூமனைச் சந்தித்த மெக்கார்தர், சீனர்கள் வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்றார். நான்கே நாளில், 19ஆம் தேதி இரவு, சீனப் படை யாலுவைத் தாண்டத் தொடங்கியது. பகலில் மறைந்து, இரவில் நடந்து வந்தது. பியாங்யாங் ஐ.நா. படையிடம் விழுந்ததும் அதே நாள்தான். நவம்பர் கடைசியில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் மோதியபோது ஐ.நா. படை சிதறி ஓடியது.

அந்தப் பின்வாங்கலில் ஒரு காட்சி. பியாங்யாங்கில் அப்போது இந்திய ராணுவத்தின் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு இருந்தது. இந்தியா சண்டைக்குப் படை அனுப்பவில்லை, மருத்துவர்களை அனுப்பியது. தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். ஆற்காட்டைத் தன் பெயரிலேயே சுமந்தவர், 'ஏ' என்பது ஆற்காடுதான். புறப்படுங்கள் என்று உத்தரவு வந்துவிட்டது, லாரிகள் இல்லை. மருந்தையும் கருவிகளையும் விட்டுவிட்டுப் போனால் இனி மருத்துவப் பிரிவு என்று பெயர் மட்டும்தான் மிஞ்சும். ரயில் நிலையத்தில் ஒரு பழைய நீராவி எஞ்சின் நின்றது. தங்களுக்குள்ளேயே ரயில் வேலை தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். பெட்டிகளில் எல்லாவற்றையும் ஏற்றி, பாலம் தகர்க்கப்படும் முன்பே தாங்களே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரி கிடைக்கவில்லை.

வல்லரசுப் போர் வரும் அபாயம் என்று தலைப்பில் போட்டிருக்கிறார்கள். கொரியாவில் அது வந்தே விட்டது. அமெரிக்காவும் சீனாவும் மூன்று குளிர்காலம் நேருக்கு நேர் மோதின. மாவோவின் மூத்த மகன் அங்கேதான் குண்டுவீச்சில் இறந்தார். ஆகாயத்தில் சோவியத் விமானிகள் சீன, வட கொரிய அடையாளம் போட்ட மிக்-15களில் அமெரிக்க விமானங்களைச் சுட்டார்கள். ரேடியோவில் ரஷ்ய மொழி பேசக் கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு. சண்டை சூடுபிடித்தால் வாயில் வந்தது ரஷ்ய வசவுதான். கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்கர்களுக்குப் புரிந்தது. ஆனாலும் இரு பக்கமும் தெரியாததுபோல இருந்தார்கள். தெரிந்ததாகச் சொன்னால் அடுத்து என்ன செய்வது என்று இருவருக்கும் பயம். அந்தப் பொய்க்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்றே நினைக்கிறேன். 1950 நவம்பர் 30இல் அணுகுண்டைப் பற்றி ட்ரூமன் பத்திரிகையாளர்களிடம் உதிர்த்த சில சொற்களுக்கே, பிரிட்டிஷ் பிரதமர் அட்லி வாஷிங்டனுக்கு ஓடி வரும்படி ஆயிற்று.

1953 ஜூலை 27இல் சண்டை நின்றபோது எல்லை ஏறக்குறைய பழைய கோட்டிலேயே இருந்தது. ஒங்ஜின் மட்டும் வடக்கோடு போய்விட்டது. ஆக, அளவுகோல் செய்த தப்பை மூன்று ஆண்டுப் போர் திருத்திக் கொடுத்தது! பல லட்சம் கொரியர்கள் செத்துப்போனார்கள். 36,000 அமெரிக்கர்கள், ஏறக்குறைய 2 லட்சம் சீனர்கள். ஒரே ஆண்டில் இரண்டு பக்கமும் தலைக்கு ஒரு முறை நாட்டை ஒன்றாக்க முயன்றதன் விலை அது.

இப்போது ஜெர்மனிக்குப் போவோம். இந்தக் கதை உங்களுக்குத் தெரியும் என்பதால் சுவர் இடிந்ததை விட்டுவிடுகிறேன். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது 1972. அந்த ஆண்டு டிசம்பரில் இரு ஜெர்மனிகளும் ஓர் ஒப்பந்தம் போட்டு, நீயும் இருக்கிறாய் நானும் இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டன. மறு ஆண்டு இரண்டும் ஐ.நா. உறுப்பினர்கள். மேற்கு ஜெர்மனி கிழக்கில் திறந்ததை மட்டும் தூதரகம் என்று அழைக்காமல் 'நிரந்தரப் பிரதிநிதித்துவம்' என்றது. அந்நிய நாட்டில்தானே தூதரகம்? கதவைச் சாத்தாமல் சுவரை ஒப்புக்கொண்ட சாமர்த்தியம் அது. அந்த ஒப்பந்தத்தைப் போட்ட மேற்கு ஜெர்மனியின் சான்சலர் வில்லி பிராண்டை அப்போது துரோகி என்று திட்டியவர்கள் அவர் நாட்டிலேயே நிறையப் பேர்.

1990இல் வாய்ப்பு வந்தபோது கிழக்கு ஜெர்மனியில் மூன்றரை லட்சம் சோவியத் வீரர்கள் இருந்தார்கள். இணைப்பை பிரிட்டனின் தாட்சர் வெளிப்படையாகவே வெறுத்தார். பிரான்சின் மித்தரானுக்கும் கலக்கம். இரு ஜெர்மனிகளும் நான்கு வல்லரசுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. ஜூலையில் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் ஹெல்முட் கோல் காகசஸ் மலைக்குப் போய் சோவியத் தலைவர் கோர்பசேவைப் பார்த்தார். கோட்டு டையைக் கழற்றிப்போட்டு ஸ்வெட்டரோடு இருவரும் மரமேசையில் உட்கார்ந்து பேசும் புகைப்படம் புகழ்பெற்றது. கோலின் அந்த ஸ்வெட்டர் இன்று பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஸ்வெட்டரின் விலை பெரியது. ஒன்றுபட்ட ஜெர்மனியின் படை 3,70,000 பேரைத் தாண்டாது. அணு, உயிரி, ரசாயன ஆயுதம் வைத்துக்கொள்ளாது. போலந்து எல்லையை இனி எப்போதும் கேள்வி கேட்காது. சோவியத் படை காலி செய்யும் செலவுக்கு 1,200 கோடி மார்க். அதில் பெரும்பகுதி ஊர் திரும்பும் வீரர்களுக்கு வீடு கட்ட. குடித்தனக்காரருக்குப் புது வீடே கட்டிக்கொடுத்துக் காலி செய்யவைத்த வீட்டுக்காரரை வரலாற்றில் அங்கேதான் பார்க்கிறேன். 1990 செப்டம்பர் 12இல் மாஸ்கோவில் கையெழுத்து, அக்டோபர் 3இல் இணைப்பு. கடைசி ரஷ்ய வீரர் 1994 ஆகஸ்டில் வெளியேறினார். கிழக்கு ஜெர்மன் மண்ணில் அந்நியப் படை நிற்கக் கூடாது என்பது அந்த ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறது. நேட்டோ அதற்கும் கிழக்கே வராது என்பதெல்லாம் பேச்சோடு போயிற்று. அந்த வாய்ப்பேச்சை வைத்து இன்றுவரை சண்டை நடக்கிறது. பத்திரத்தில் ஏறாத வார்த்தையால் எத்தனை குடும்பம் கோர்ட்டு ஏறியது என்று வக்கீல்களைக் கேளுங்கள்.

பணிக்கரிடம் நள்ளிரவில் சொல்லி அனுப்பிய சௌவை 1950இல் யாரும் கேட்கவில்லை. 1990இல் கோர்பசேவைக் கேட்டார்கள், விலை பேசினார்கள், கொடுத்தார்கள். சேர்கிறவர்கள் இருவர் என்றாலும், வேலியோரத்து வல்லரசைக் கேட்காமல் சேர முடியாது. நியாயமா என்றால் நியாயம் இல்லைதான். தன் வீட்டுச் சுவரை இடிக்க எதிர்வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்பது போன்ற அவமானம் அது. அந்த அவமானத்தை விழுங்கத் தெரிந்த கோலை நான் மெக்கார்தரைவிடப் பெரிய ஆளாக மதிக்கிறேன்.

தைவானுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். முடியாது. அங்கே வல்லரசு வேலியோரத்தில் இல்லை, பங்காளியே வல்லரசு. இன்னொரு வல்லரசு கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு, சண்டை வந்தால் வருவேனா மாட்டேனா என்பதைப் பெரும்பாலும் சொல்லாமலே வைத்திருக்கிறது. கேட்க வேண்டியவர்கள் தைவான் மக்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு வகையில் இப்போதிருப்பது அப்படியே இருக்கட்டும் என்றுதான் கருத்துக்கணிப்புகளில் ஆண்டாண்டாகச் சொல்கிறார்கள். அமெரிக்கா 1972இல் ஷாங்காய் அறிக்கையில் கையாண்ட சொல்லும் இப்படித் தள்ளிப்போடும் வகைதான். ஒரே சீனா என்று இரு கரையிலும் சொல்கிறார்கள் என்பதை அறிந்திருக்கிறோம் என்றார்கள். ஏற்கிறோம் என்று சொல்லவில்லை.

கின்மென் என்று ஒரு தீவு. ஆட்சி தைவானுடையது, பார்த்தால் தெரியும் தூரத்தில் சீனாவின் ஷியாமென் நகரம். 1958 ஆகஸ்ட் 23இல் தொடங்கி 44 நாளில் அந்தச் சின்னத் தீவின் மேல் நான்கரை லட்சத்துக்கும் அதிகமான பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. அமெரிக்க ராணுவத்தில் அணுகுண்டுப் பேச்சு எழுந்தது. அதன் பிறகு நடந்ததுதான் விசித்திரம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும் சுடுவது என்று சீனா அறிவித்தது. ஒற்றைப்படைத் தேதியில் குண்டு, இரட்டைப்படைத் தேதியில் ஓய்வு. போகப்போகக் குண்டுக்குள் வெடிமருந்துக்குப் பதில் துண்டுப் பிரசுரம். அமெரிக்காவும் சீனாவும் உறவு வைத்துக்கொண்ட 1979 ஜனவரி 1 வரை, 20 ஆண்டு இப்படி நடந்தது. விழுந்த குண்டுகளின் இரும்பைக் கின்மென் கொல்லர்கள் காய்கறிக் கத்தியாக அடித்து விற்றார்கள். இன்றும் விற்கிறார்கள், சுற்றுலா வரும் சீனர்களும் வாங்கிப்போகிறார்கள். 2018 முதல் கின்மெனுக்குக் குடிநீர் வருவது சீனாவிலிருந்து கடலடிக் குழாயில். இணைப்பும் வரவில்லை, போரும் வரவில்லை, தண்ணீர் வந்திருக்கிறது. சீன விமானங்கள் தைவானைச் சுற்றிப் பறந்து மிரட்டுவது அதிகமாகிவரும் இந்த நாட்களில், தள்ளிப்போடுவதைக் கோழைத்தனம் என்று சொல்லும் குரல்கள் இரு கரையிலும் உயர்கின்றன. என்னைக் கேட்டால், நூறு ஆண்டு தள்ளிப்போட்டாலும் நல்லது என்பேன்.

மறுபடி கொரியா. 2023 முடிவில் வட கொரியத் தலைவர் கிம் ஜோங்-உன், இனி இணைப்பே இல்லை, தெற்கு பகை நாடு என்று அறிவித்தார். 2024 ஜனவரியில் பியாங்யாங்கின் இணைப்பு வளைவு இடிக்கப்பட்டது. அக்டோபரில் தெற்கோடு இணைத்த சாலைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இதைப் பார்த்து, இரு ஜெர்மனிகளும் 1972இல் செய்ததுதானே என்று ஆறுதல்படுபவர்கள் இருக்கிறார்கள். நான் படவில்லை. பிராண்ட் எதிர்ப்பக்கத்தை ஒப்புக்கொண்டார், கிம்மோ போர் வந்தால் எதிர்ப்பக்கத்தைப் பிடிப்பேன் என்றார். கையில் அணுகுண்டு இருக்கிறது. சீனாவோடு 1961 ஒப்பந்தம், ரஷ்யாவோடு 2024 ஒப்பந்தம், தெற்கிலோ 28,500 அமெரிக்க வீரர்கள். 1950இல் கணக்குத் தப்பியபோது அணுகுண்டு இரண்டு நாடுகளிடம்தான் இருந்தது. 1953இல் போட்டது போர்நிறுத்தம் மட்டுமே. சமாதான ஒப்பந்தம் இன்னும் இல்லை. அந்தப் போர்நிறுத்தத்திலும் தென் கொரியா கையெழுத்துப் போடவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த 88 பேர் இறங்கிய நாளைப் பற்றி இந்த ஊரில் யாராவது சொல்லக் கேட்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. துறைமுகத்தில் கூலி வேலை பார்த்த தாத்தா, கப்பல் கம்பெனி குமாஸ்தா, வேடிக்கை பார்க்கப் போன பள்ளிக்கூடப் பையன், யாராக இருந்தாலும் சரி. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொல்லியிருந்தால், பழைய புகைப்படம் ஒன்று பெட்டிக்குள் கிடந்தால், போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். வாசலில்தான் நிற்பேன்.